வழி மறிக்க நாம் யார்?

இஸ்ரயேல் மக்கள் காதேசில் பாளையம் இறங்கியிருந்தபோது மோசே ஏதோம் அரசனிடம் தூது அனுப்பிய நிகழ்ச்சி எண்ணிக்கை நூலின் இருபதாம் அதிகாரத்தில் வருகிறது. தூதர் கேட்டது நிலத்தை அல்ல, வழியை மட்டுமே. வயல்களிலோ திராட்சைத் தோட்டங்களிலோ கால் வைக்க மாட்டோம், அரச நெடுஞ்சாலை வழியாகவே நடந்து போய்விடுவோம், தண்ணீர் குடித்தால் அதற்கும் விலை தருவோம் என்றார்கள். ஏதோம் மறுத்தது. மறுத்ததோடு நில்லாமல் படையோடு எதிர்கொண்டு வந்தது. ஏதோம் யார்? யாக்கோபின் உடன்பிறந்த ஏசாவின் வழிமரபு. அண்ணன் வீட்டு வாசலில் தம்பிக்கு வழியில்லை. இஸ்ரயேல் திரும்பிச் சுற்று வழியே போனது. அந்தச் சுற்று வழியில் அவர்கள் பட்ட துன்பத்தை அடுத்த அதிகாரமே சொல்கிறது.

இந்தப் பகுதியை எத்தனையோ முறை நாம் வாசித்திருக்கிறோம். குடியேறிகளைப் பற்றியும் அகதிகளைப் பற்றியும் மறையுரை ஆற்றுகையில் எடுத்தாண்டும் இருக்கிறோம். நீலகிரி மலையின் அடிவாரத்தை ஒட்டிய ஒரு பங்கில் பணியாற்றிய காலத்தில்தான் இந்த வசனங்கள் வேறொரு குரலில் நமக்குக் கேட்டன. அங்கே வழி கேட்டு நின்றது மனிதர் அல்லர், யானைகள். படையோடு எதிர்கொண்டு நின்ற ஏதோமியர் நாமே.

காட்டு விலங்குகளின் வலசைப் பாதைகளைச் சட்டத்தால் காக்க வேண்டும் என்று யாரேனும் வாய் திறந்தால் போதும், "உங்களுக்கு யானை வேண்டுமா, மனிதன் வேண்டுமா?" என்ற கேள்வி உடனே எழுகிறது. மேடையில் எழுகிறது, தேநீர்க் கடையில் எழுகிறது, வருத்தத்தோடு சொல்கிறோம், நம் பங்குப் பேரவைக் கூட்டங்களிலும் எழுகிறது. இந்தக் கேள்வியே பிழையானது என்பதும், ஏழையின் பெயரால் இதைக் கேட்கிற பலர் ஏழைக்காகக் கேட்கவில்லை என்பதும் நமது வாதம். வலசைப் பாதைகளுக்கு உறுதியான சட்டம் வேண்டும். அது ஏழையையும் காக்கும் சட்டமாக இருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கேட்பவர் பாதி உண்மையே பேசுகிறார்.

ஊரறிந்த வழக்கம்

கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மாமூல் பாதை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஒருவர் நிலத்தின் வழியாக மற்றொருவர் தம் வயலுக்கு ஏரும் வண்டியும் ஓட்டிச் செல்வார். அப்பன் போன வழி, பாட்டன் போன வழி. ஒருநாள் நிலத்துக்காரர் முள்வேலி போட்டு அடைத்தால் ஊர் கூடிக் கேட்கும். ஊர் கேட்காவிட்டால் நீதிமன்றம் கேட்கும். 1882ஆம் ஆண்டு இந்திய வழியுரிமைச் சட்டம், இருபது ஆண்டுகள் தடையின்றி நடந்த வழியில் தொடர்ந்து நடக்கும் உரிமையை ஏற்றுக்கொள்கிறது. நிலம் எனக்குச் சொந்தம் என்பதாலேயே அதில் பிறருக்குள்ள வழியை நான் அடைத்துவிட முடியாது. இது நம் மண்ணின் நீதி, நாட்டின் சட்டமும்கூட.

இருபது ஆண்டு நடந்தவனுக்கு உரிமை உண்டு. பட்டா என்ற காகிதமே பிறக்காத காலத்திலிருந்து நடந்து வருகிற யானைக்கு? அதற்கு வக்காலத்துப் போட ஆளில்லை, வரி கட்டிய ரசீது இல்லை. ஆகவே அதற்கு உரிமை இல்லை என்கிறோம்.

யானை ஏன் நடக்கிறது என்பதை அறியாதவர்கள், அது காட்டுக்குள்ளேயே இருக்கட்டுமே என்கிறார்கள். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு நூற்றைம்பது கிலோ அளவுக்குத் தீவனமும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். ஒரே இடத்தில் நின்று தின்றால் காடு தாங்காது. ஆகவே மழையையும் புல்லையும் தொடர்ந்து அது நடக்கிறது. ஒரு கூட்டத்தின் உலவும் எல்லை நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர். மூத்த பெண் யானை முன்னே செல்லும். அது தன் தாயின் பின்னே நடந்து கற்ற வழியில் தன் பிள்ளைகளை அழைத்துச் செல்லும். வறட்சிக் காலத்தில் எந்த ஓடையில் நீர் நிற்கும் என்ற அறிவு அப்படித்தான் தலைமுறை கடக்கிறது. அந்த வழியை அடைத்தால் கூட்டம் இரண்டாகத் துண்டுபடும். துண்டுபட்ட கூட்டம் தன்னுள்ளேயே இனம் பெருக்கி நலியும். அல்லது தீவனம் தேடி ஊருக்குள் இறங்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் நீலகிரிக்கு வடக்கே உள்ள சீகூர்ப் பீடபூமி. ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்தான சரிவு, மறுபக்கம் மாயாற்றின் ஆழமான பள்ளத்தாக்கு. முதுமலையிலிருந்தும் பந்திப்பூரிலிருந்தும் சத்தியமங்கலம் காடுகளுக்குப் போகிற யானைகளுக்கு இந்த இடைவெளியே வாசல். உலகில் ஆசிய யானைகள் மிகுதியாக வாழும் பரப்பு இந்த நீலகிரி வட்டாரம் என்று ஆய்வாளர் சொல்கின்றனர். 1986இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டது. அந்த வாசலில்தான் மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம், மாவனல்லா என்ற ஊர்கள். இருளரும் குறும்பரும் நெடுங்காலமாக அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் குடிசைகளுக்கு அருகே யானை நடந்தது, யானை நடந்த காட்டில் அவர்கள் தேன் எடுத்தார்கள். வழி அதனால் அடைபடவில்லை. பின்னர் மின்நிலையங்களுக்கான கால்வாயும் குழாய்களும் அந்த வழிகளுக்குக் குறுக்கே வந்தன. அதற்கும் பின்னர் வந்தவர்கள் நகரத்துப் பணக்காரர்கள். விவசாய நிலம் என்று வாங்கி விடுதி கட்டினார்கள். மின்வேலி போட்டார்கள். இரவு விளக்கும் இசையும் வைத்தார்கள். யானையை அருகே காணலாம் என்று விளம்பரம் செய்து, அந்த யானையின் வழியிலேயே நீச்சல் குளம் வெட்டினார்கள்.

2021 ஜனவரியில் அந்தப் பகுதியில் ஒரு யானை மீது எரியும் டயர் வீசப்பட்டதை நாடே படத்தில் கண்டது. அனுமதியற்ற தங்கும் விடுதியை நடத்தியவர்கள் அதற்காகக் கைது செய்யப்பட்டனர். முன்பே காயமுற்றிருந்த அந்த யானை சிகிச்சைக்குக் கொண்டு செல்லும் வழியில் இறந்தது. அதைப் பார்த்து நாம் எல்லாரும் கண் கலங்கினோம். கண் கலங்குவது எளிது. அந்த விடுதி அங்கே எப்படி வந்தது, அதற்கு யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று கேட்பதுதான் கடினம்.

சட்டத்தில் உள்ள ஓட்டை

சட்டம் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். உண்டு, ஆனால் பாதைக்கு இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் யானையை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. யானையைக் கொன்றால் சிறை. தேசியப் பூங்கா என்றும் சரணாலயம் என்றும் எல்லைக்கல் நட்ட இடங்களையும் காக்கிறது. இரண்டு சரணாலயங்களுக்கு இடையே விலங்கு நடக்கிற வழியைப் பற்றி முப்பது ஆண்டுகள் அச்சட்டம் ஏறத்தாழப் பேசவேயில்லை. வீட்டின் இரண்டு அறைகளைக் காத்துவிட்டு நடுவிலுள்ள நடையை விற்றுவிட்டது போன்ற ஏற்பாடு அது.

2002இல் செய்த திருத்தம், காப்பகங்களை இணைக்கும் இடங்களை உள்ளூர் மக்களைக் கலந்து பேசி அறிவிக்க வழி செய்தது. ஆனால் அது அரசு நிலத்துக்கு மட்டும். தனியார் நிலமாயின் உரியவரே மனமுவந்து முன்வர வேண்டும். 2006இல் வந்த திருத்தம் புலிகள் காப்பகங்களை இணைக்கும் பகுதிகளுக்கு ஓரளவு காவல் தந்தது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இன்றி அவற்றை வேறு பயனுக்கு மாற்றக்கூடாது என்றது. புலிக்குக் கிடைத்த அந்தச் சிறு காவலும் யானையின் வழித்தடத்துக்குக் கிடைக்கவில்லை. 'யானை வழித்தடம்' என்பதற்கு மத்தியச் சட்டத்தில் இன்றளவும் இலக்கணம் கூட இல்லை. 2010இல் மத்திய அரசு அமைத்த யானைப் பணிக்குழு நாடெங்கும் 88 வழித்தடங்களைச் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு யானையைத் தேசியப் பாரம்பரிய விலங்கு என்று அறிவித்தார்கள். 2023இல் மத்திய அரசின் கணக்கில் வழித்தடங்கள் 150. எண்ணிக்கை வளர்கிறது, அறிக்கையின் தடிமனும் வளர்கிறது. காவல் மட்டும் வளரவில்லை. பட்டம் சூட்டி வாசலை அடைப்பது நமக்குக் கைவந்த கலை.

இலக்கணம் இல்லாத இடத்தில் நீதிமன்றமே வழிகாட்ட வேண்டியதாயிற்று. தமிழ்நாடு அரசு 2010 ஆகஸ்டு 31 அன்று சீகூர் யானை வழித்தடத்தை அரசாணை மூலம் அறிவித்தது. விடுதிக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்து, தனிப்பட்டவர்களின் மனுக்களைக் கேட்க ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் மூவர் குழுவை அமைத்தது. ஒரு வழித்தடத்துக்கு ஓர் அரசாணை, இரண்டு நீதிமன்றங்கள், ஒரு குழு. ஆணைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே பத்து ஆண்டுகள். எஞ்சிய வழித்தடங்கள் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்து ஆண்டுகள் என்று கணக்கிட்டால், தீர்ப்பு வரும் நாளில் நடக்க யானை இருக்காது. ஒவ்வொன்றாக வழக்காடும் நிலை மாற வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியே ஆக வேண்டும்.

நமது கையொப்பம்

இங்கே நம்மைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிறரைச் சாடுகிற எழுத்து தன்னைத் தப்பவிட்டால் அது பரிசேயன் செய்த செபம் ஆகிவிடும்.

அரசாணை வெளிவந்த 2010இல், மேற்சொன்ன பங்கில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சில பெரியவர்கள் ஒரு மனுவோடு சக்கரிஸ்துக்கு வந்தார்கள். "சாமி, நம்ம சனங்களை எல்லாம் காலி பண்ணப் பாக்குறாங்க. நீங்க முதல்ல கையெழுத்துப் போட்டா எல்லாரும் போடுவாங்க" என்றார்கள். நாம் படித்துப் பார்க்கவில்லை. மக்களின் பக்கம் நிற்பதே மேய்ப்பனின் கடமை என்று கையொப்பமிட்டோம். அந்த ஞாயிறே இருநூறுக்கு மேற்பட்டோர் நம் கையொப்பத்தின் கீழே ஒப்பமிட்டனர். பல மாதங்களுக்குப் பின்னரே மனுவின் முழு வாசகத்தைக் கண்டோம். குடிசைவாசிகளைப் பற்றி அதில் ஒரு வரி. எஞ்சிய இரண்டு பக்கமும் விடுதிகளைப் பற்றியும் சுற்றுலா வருமானத்தைப் பற்றியும். நம் பங்கு மக்களில் ஒருவர்கூட விடுதி வைத்திருக்கவில்லை. அங்கே அறை துடைப்பவர்களும் காவல் காப்பவர்களுமாகவே அவர்கள் இருந்தார்கள். ஏழைகளின் கைநாட்டைப் பணக்காரர்களின் மனுவுக்கு வாங்கித் தந்த புண்ணியம் நம்மைச் சேர்ந்தது.

மற்றொன்றும் உண்டு. பங்குக்குச் சொந்தமான சிறு காப்பித் தோட்டத்துக்கு யானை வந்து போகிறது என்று சூரியசக்தி மின்வேலி அமைத்தோம். ஆயருக்கு அனுப்பிய ஆண்டறிக்கையில் அதை வளர்ச்சிப் பணி என்று குறிப்பிட்டோம். யானை நம் தோட்டத்துக்கு வருவது நின்றது. வேலி இல்லாத அடுத்த வீட்டுக்காரரின் வாழைக்கு அது போயிற்று. அவருக்கு வேலி போடப் பணமில்லை. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில், அந்தப் பக்கத்துச் சரிவில், விடியுமுன் வேலைக்குப் போன ஒரு தாயை யானை தாக்கிக் கொன்றது. அடக்கச் சடங்கை நாமே நிறைவேற்றினோம். அவருடைய மூத்த மகள், பத்து வயதிருக்கும், கல்லறையருகே நின்று, "அம்மா தினம் அந்த வழியாத்தானே போகும் சாமி, அன்னைக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டாள். அந்த மரணத்துக்கும் நம் வேலிக்கும் தொடர்பு உண்டென்று யாரும் நிறுவ முடியாது. இல்லையென்றும் நிறுவ முடியாது. அந்தக் கேள்விக்கு அன்று விடை சொல்லாமல் சிறுமியின் தலையில் கை வைத்து ஆசியளித்துவிட்டு வந்தோம். விடை இதுதான்: யானையின் வழியை ஒவ்வொருவரும் தத்தம் வேலியால் தள்ளித் தள்ளி, கடைசியில் வேலி போட வசதியற்றவரின் ஒற்றையடிப் பாதையில் கொண்டுபோய் விட்டோம்.

யானையா மனிதனா என்ற கேள்வி பிழையானது என்று சொன்னதன் பொருள் இதுவே. வலசைப் பாதை அடைபடும்போது யானை காற்றில் கரைந்துவிடுவதில்லை. அது வேறு வழி தேடுகிறது. அந்த வேறு வழி விடுதி முதலாளியின் படுக்கையறை வழியாகப் போவதில்லை, தேயிலை பறிக்கும் பெண் வேலைக்குப் போகும் வழியிலேயே போகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஐந்நூறு பேரளவில் யானைகளால் உயிரிழக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் கூலித் தொழிலாளரும் சிறு விவசாயிகளும் பழங்குடியினருமே. வழித்தடத்தைக் காப்பது யானைக்குச் செய்யும் தருமம் மட்டுமன்று, இவர்களுக்குச் செய்யவேண்டிய நீதியும் ஆகும்.

எதிர்வாதத்தில் உள்ள உண்மை

எதிர்த்துப் பேசுவோரின் வாதத்தில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வழித்தடம் திறந்துவிட்டால் பயிர்ச்சேதம் அறவே நின்றுவிடும் என்பது மிகை. கரும்பும் வாழையும் காட்டுப் புல்லைவிடச் சத்தானவை. துணிந்த ஆண் யானைகள் அவற்றைத் தேடி வரவே செய்யும் என்று யானை ஆய்வில் பெயர்பெற்ற இராமன் சுகுமார் 1980களிலேயே ஆராய்ந்து காட்டியுள்ளார். காட்டுக்குள் உண்ணிச்செடி படர்ந்து புல் அழிந்த இடங்களில் வழி மட்டும் திறந்து பயனில்லை, புல்லும் மீள வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய உண்மை கூடலூர் மக்களுடையது. 1964இல் கொழும்பிலும் தில்லியிலும் இருந்த ஆட்சியாளர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களைக் குடியமர்த்த, 1968 முதல் அரசே இந்த மலைகளில் காட்டைத் திருத்தித் தேயிலைத் தோட்டம் அமைத்தது. அந்த மக்களில் நம் சபையினரும் உண்டு. அவர்கள் காட்டைத் திருடவில்லை. கப்பலேறி வந்தவர்களை அரசு கொண்டுவந்து விட்ட இடம் அது. 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் சிக்கிய நிலங்களில் வாழ்வோரோ, இரண்டு தலைமுறை கடந்தும் பட்டா இன்றியும் பலர் மின் இணைப்பு இன்றியும் இருக்கிறார்கள். இத்தகையோரிடம், 'உன் வீடு யானையின் பாதையில் இருக்கிறது' என்று ஓர் அறிக்கை சொன்னால் அவர்கள் நடுங்காமல் என்ன செய்வார்கள்?

2024இல் தமிழ்நாட்டுக்கு 42 வழித்தடங்களைக் குறித்த வரைவு அறிக்கை ஒன்று வெளியிடப்பட்டது. அறிக்கை ஆங்கிலத்தில். மக்கள் கருத்துச் சொல்ல முதலில் தரப்பட்ட அவகாசம் சில நாள்களே. தேயிலைத் தோட்டத் தொழிலாளி எப்போது அதைப் படிப்பது, எப்போது பதில் எழுதுவது? மக்கள் கொதித்தெழுந்தது நியாயமே. காப்பதற்கென்று வருகிற ஆணை, யாருடைய வாசலில் நடக்கப்போகிறதோ அவரிடம் அவர் மொழியில் பேசாவிட்டால், அந்த அச்சத்தில் விடுதிக்காரர் குளிர்காய்வார். வனத்துறை இவ்வாறு நடந்துகொள்ளும் காலமெல்லாம் யானையின் முதல் எதிரி வனத்துறையே என்று சொல்லத் துணிகிறோம்.

நாம் கேட்கும் சட்டம்

எதிர்ப்பதற்கு ஒரு வரி போதும், கேட்பதற்குத் தெளிவு வேண்டும். முதலாவது, வழித்தடம் என்றால் என்ன, அதில் எது செய்யலாம், எது செய்யலாகாது என்பதை வனவிலங்குச் சட்டமே வரையறுக்க வேண்டும். புல எண் வாரியாக எல்லை காட்ட வேண்டும். எல்லை தெளிவாக இருந்தால் வதந்திக்கு இடமில்லை.

இரண்டாவது, கிராம சபையில் தமிழில் வாசித்து, விளக்கி, போதிய காலம் தந்து, மக்கள் சொல்வதை எழுத்தில் பதிந்த பின்னரே அறிவிக்கை வர வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குத் தந்த உரிமைகளை வழித்தடத்தின் பெயரால் யாரும் தொடக்கூடாது.

மூன்றாவது, குடிசையையும் கேளிக்கை விடுதியையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. வாழ்வதற்கு ஒதுங்கியவர் வேறு, இலாபத்துக்கு வந்தவர் வேறு. ஏழைக் குடும்பம் இடம் மாறித்தான் ஆக வேண்டுமென்றால், அது விரும்பி, நல்ல நிலமும் வீடும் கைக்கு வந்த பின்னரே மாற வேண்டும். இது கனவன்று. அண்டையிலுள்ள வயநாட்டில் திருநெல்லி வழித்தடத்தில் நான்கு சிற்றூர்களின் குடும்பங்கள் தம் இசைவோடு, ஒரு தொண்டு நிறுவனம் வாங்கித் தந்த நிலத்துக்கு மாறின. காலியான நிலம் 2015இல் கேரள வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2021இல் இயற்றிய வழித்தடச் சட்டமும், மாட்டுப் பண்ணைக்காரர்களை விரட்டவில்லை. அவர்கள் நிலத்தைக் கட்டட மனையாக மாற்றாதிருக்க அரசு விலை கொடுக்கிறது, பண்ணை பண்ணையாகவே தொடர்கிறது.

நான்காவது, சட்டம் ஏழையின் வேலியை மட்டும் அளந்தால் போதாது. அரசின் சொந்தச் சாலையையும் இரயில் பாதையையும் கால்வாயையும் கட்டுப்படுத்த வேண்டும். 2021 நவம்பர் 26 இரவு கோவைக்கு அருகே மதுக்கரையில் இரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024இல் அங்கே கேமரா பொருத்திய கோபுரங்கள் அமைத்து எச்சரிக்கை செய்யத் தொடங்கினார்கள். மனம் வைத்தால் வழி உண்டு என்பதற்கு அது சான்று. 2009இல் பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவுப் போக்குவரத்தை நிறுத்தியபோது வணிகம் அழிந்துவிடும் என்றார்கள். இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை அந்தச் சாலையை விலங்குக்கு விட்டோம். ஊர்கள் அழிந்துவிடவில்லை.

ஐந்தாவது, பயிர்ச்சேதத்துக்கும் உயிர்ச்சேதத்துக்கும் இழப்பீடு அலைக்கழிப்பின்றிக் குறித்த நாளுக்குள் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். யானைக்கு வழிவிடும் செலவை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். காட்டின் நீரைக் குடிப்பது கோவையும் ஈரோடும், காட்டின் சுமையைச் சுமப்பது மட்டும் கூடலூரா?

நிலம் யாருடையது

பொதுநிலையினர் சிலர், "யானைப் பாதைக்கும் ஆன்ம மீட்புக்கும் என்ன தொடர்பு, சாமியாருக்கு இது எதற்கு?" என்று கேட்பர் என்பதை அறிவோம். தொடர்பு விவிலியத்தின் முதல் ஏட்டிலேயே இருக்கிறது. ஆளும்படி மனிதனுக்குச் சொன்ன கடவுள், அடுத்த அதிகாரத்திலேயே தோட்டத்தைக் காக்கும் பொறுப்பையும் தந்தார். முதலாவதை மனப்பாடம் செய்த நாம் இரண்டாவதை மறந்தோம். வெள்ளம் வடிந்தபின் ஆண்டவர் செய்த உடன்படிக்கை நோவாவோடு மட்டுமன்று, பேழையை விட்டு வெளிவந்த ஒவ்வோர் உயிரோடும் செய்யப்பட்டது. வானவில்லைக் காட்டிக் குழந்தைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கும் நாம், அதில் யானைக்கும் பங்குண்டு என்று சொல்வதில்லை. நிலம் தமக்கே உரியது, நாம் அதில் அந்நியரும் தங்குபவருமே என்று லேவியர் நூலில் ஆண்டவர் தெளிவுபடுத்துகிறார். ஏழாம் ஆண்டில் தரிசாக விடும் நிலத்தின் விளைச்சல் ஏழைக்கு, ஏழை விட்டது காட்டு விலங்குக்கு என்று விடுதலைப்பயண நூல் ஒழுங்கு செய்கிறது. ஏழையையும் விலங்கையும் அது எதிரெதிரே நிறுத்தவில்லை, ஒரே பந்தியில் அமர்த்துகிறது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990ஆம் ஆண்டு உலக அமைதி நாள் செய்தியைப் படைப்போடு கொள்ளவேண்டிய அமைதிக்கே ஒதுக்கினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் முப்பத்தைந்தாம் பத்தி, சாலைகளும் தோட்டங்களும் வேலிகளும் அணைகளும் உயிரினங்களின் வாழிடத்தைத் துண்டாடி அவை இடம்பெயர முடியாமல் செய்வதைக் குறிப்பிட்டு, உயிரின வழித்தடங்களை ஒரு மாற்றாகச் சொல்கிறது. அதில் அக்கறை காட்டும் நாடுகள் மிகச் சிலவே என்று வருந்தவும் செய்கிறது. இது ஏதோ சூழலியலாளரின் துண்டறிக்கை அன்று, திருச்சபையின் போதனை. நம் பங்குகளில் எத்தனை மறையுரைகளில் இதைக் கேட்டோம்?

கேட்கவில்லை என்றால் குறை மறையுரையாளர்களாகிய நம்முடையது. ஏனெனில் மலைகளில் திருச்சபைக்கும் நிலம் உண்டு. பள்ளிகளும் தியான இல்லங்களும் தோட்டங்களும் உண்டு. அவற்றின் வேலிகள் எந்த வழியில் நிற்கின்றன என்று ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒவ்வொரு துறவற சபையும் முதலில் பார்க்கட்டும். வழித்தடத்தில் நின்றால் பின்வாங்கட்டும். சட்டம் வருமுன் நாமாக வேலியைப் பிடுங்கினால், மக்களிடமும் அரசிடமும் பேச நமக்கு வாய் இருக்கும்.

நாம் அந்தப் பங்கை விட்டு மாற்றலாகி வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. வருமுன் பங்குப் பேரவையில் பேசி, காப்பித் தோட்டத்தின் கீழ்ப்பக்கத்து வேலியை முப்பது அடி உள்ளே தள்ளி, ஓடையோரத்தைத் திறந்து விட்டோம். எல்லாரும் மகிழவில்லை. "சாமி சொத்தை யானைக்கு எழுதிக் கொடுத்துட்டார்" என்று ஒருவர் வருகைப் பதிவேட்டிலேயே எழுதிவைத்தார். அடுத்த கோடையில் யானைகள் அந்த ஓடையோரமாக இறங்கிப் போனதாகத் தோட்டக் காவலர் சொன்னார். அந்த ஆண்டும் பக்கத்து வாழைக்குச் சேதம் இருந்தது, முன்னைவிடக் குறைவு என்றார் வாழைக்காரர். அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. முப்பது அடி நிலம், அவ்வளவே.

2024இல் புதிய மனு ஒன்று அதே பங்கிலிருந்து நம்மைத் தேடி வந்தது. இம்முறை முழுதும் படித்தோம். வழித்தடமே வேண்டாம் என்ற வரியை அடித்துவிட்டு, 'எங்களோடு பேசி, எங்கள் வீட்டுக்குப் பட்டா தந்து, வழித்தடத்தைக் காத்திடுக' என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். அப்படி மாற்றினால் மட்டுமே கையொப்பம் என்றோம். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. வந்த தாளில் முதல் கையொப்பம் கல்லறையருகே நம்மிடம் கேள்வி கேட்ட அந்தச் சிறுமியுடையது. இப்போது அவளுக்கு வாக்குரிமை வந்துவிட்டது. அவள் பெயருக்குக் கீழே நம் பெயரை எழுதினோம்.

ஏதோம் வழி மறுத்ததை இஸ்ரயேல் மறக்கவில்லை, விவிலியமும் மறக்கவில்லை. நம் வாசலில் நின்று வழி கேட்பவருக்கு வாய் பேச வராது. ஆகவே சட்டம் பேச வேண்டும். சட்டம் பேசும்வரை, அன்புள்ள இறைமக்களே, நாம் பேச வேண்டும்.